கல்லுக்குப் பின்னால் ரெண்டு பேர்

போன நவம்பர் கடைசியில் கியோட்டோவில் நாலு நாள் சுற்றினேன். ஊருக்கு வந்த கையோடு "கல்லும் மணலும் பேசும் மௌனம்" என்கிற ரேஞ்சுக்கு உருகி உருகி ஒரு பதிவு போட்டேன். நீங்களும் பெருந்தன்மையா "அருமை"ன்னு சொல்லிட்டுப் போனீங்க. அதுக்கப்புறம் சில மாதங்களாக ஜப்பானியத் தோட்டங்களின் வரலாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். இப்போ அந்தப் பழைய பதிவைத் திறந்தா கூச்சமா இருக்கு. அதில் பொய் எதுவும் இல்லை. ஆனா ஒரு மனுஷன்கூட இல்லை. கல் இருக்கு, பாசி இருக்கு, ஜென் இருக்கு, நான் இருக்கேன். தோட்டத்தைக் கையால் தொட்ட ஒரு ஆள் கிடையாது.

இத்தனைக்கும் ஒருத்தரைக் கண்ணால் பார்த்தேன். பெரிய கோயில் எதுவும் இல்லை, சந்துக்குள் இருக்கும் ஒரு சின்னக் கோயில். ஒரு பைன் மரம். அதன் அடியில் மூன்று கால் ஏணி போட்டு ஒரு பெரியவர் நின்றுகொண்டிருந்தார். காலில் கட்டைவிரல் தனியாகப் பிரிந்த துணிக் காலணி. கிளை கிளையாகப் பிடித்து, பழுத்த ஊசியிலைகளை விரலால் உருவி உருவிக் கீழே போட்டுக்கொண்டிருந்தார். கத்தரிக்கோல் இடுப்பில் தொங்குகிறது, ஆனால் தொடவே இல்லை. கூட வந்த நண்பருக்கு ஜப்பானிய மொழி தெரியும். "எப்போ முடியும்?" என்று கேட்கச் சொன்னேன். நாளைக்கு மத்தியானம் என்றார். ஒரே ஒரு மரம்!

நான் ஏன் கேட்டேன் தெரியுமா? அவர் நகர்ந்தா ஆள் இல்லாம ஒரு படம் எடுக்கலாமேன்னுதான். அப்புறம் வேற கோணத்துல நின்னு, அவர் விழாத மாதிரி எடுத்தேன். அந்தப் படம்தான் போன பதிவோட முதல் படம்.

சரி, அவர் செய்துகொண்டிருந்தது என்ன என்பதில் ஆரம்பிக்கிறேன். அதற்குப் பெயர் மொமியகே. இலையுதிர் காலத்தில் பைன் மரத்தின் போன வருஷத்து ஊசிகளைக் கையால் பறித்து எடுத்துவிடுவது. இதற்கு ஜோடி வேலை ஒன்று வசந்தம் முடிகிற நேரத்தில் வரும். மே மாதம் வாக்கில் பைன் கிளைகளின் நுனியில் மெழுகுவத்தி நட்ட மாதிரி புதுக் குருத்துகள் நிமிர்ந்து நிற்கும். அவற்றில் சிலதை முழுசாகக் கிள்ளி எறிந்து, சிலதைப் பாதியில் ஒடித்துவிடுவார்கள். இது மிதோரித்சுமி. ரெண்டுமே விரல் வேலை. இரும்பு பட்டு வெட்டுப்பட்ட ஊசியின் நுனி பழுப்பேறிவிடும் என்பதால் முடிந்தவரை கையால்தான்.

செய்யாவிட்டால் என்ன ஆகும்? முதல் வருஷம் ஒன்றும் தெரியாது. மரம் கொஞ்சம் புசுபுசுவென்று இருக்கும், அவ்வளவுதான். ரெண்டு மூணு வருஷம் விட்டால் மேல்கிளைகள் அடர்ந்து உள்ளே வெயில் போகாது. உள்பக்கத்து மொட்டுகள் ஒவ்வொன்றாகக் காயும். பைன் மரத்தில் பிரச்சினை என்னவென்றால், ஊசி உதிர்ந்து வெறுமையான பழைய கட்டையிலிருந்து அது லேசில் திரும்பத் துளிர்க்காது. நம்ம வேப்பமரம் மாதிரி மொட்டை அடித்தாலும் முளைக்கிற ஜாதி இல்லை. அதாவது, நாலைந்து தலைமுறை கையால் வளைத்துக் கொண்டுவந்த ஒரு வடிவம் நாலைந்து வருஷச் சோம்பலில் போய்விடும். போனால் போனதுதான்.

இது புரிந்ததும் எனக்கு முழுத் தோட்டமுமே வேறு மாதிரித் தெரிய ஆரம்பித்தது. "500 வருஷப் பழைய தோட்டம்" என்று பலகையில் போட்டிருப்பார்கள். கட்டடம் என்றால் சரி, ஒரு தடவை கட்டி, அவ்வப்போது ஓடு மாற்றினால் நிற்கும். தோட்டம் அப்படி நிற்காது. 500 வருஷம் என்றால் 500 மே மாதம் யாரோ குருத்து கிள்ளியிருக்க வேண்டும், 500 நவம்பர் யாரோ இலை கூட்டியிருக்க வேண்டும்.

பாசியை எடுத்துக்கோங்க. அதுக்கு நிஜமான வேர் கிடையாது, தண்ணியை உடம்பாலேயே உறிஞ்சிக்கும். ஜூனிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை ஜப்பானில் ஒரு மழைக்காலம் உண்டு. அப்போதுதான் பாசிக்குக் கல்யாணச் சாப்பாடு. கூடவே களையும் கொழிக்கும். பாசியைப் பெயர்க்காமல் களையை மட்டும் எடுக்க வேண்டும், குத்தவைத்து உட்கார்ந்து ஒவ்வொன்றாக. இலையுதிர் காலம் வந்தால் மேப்பிள் இலை சிவந்து பாசி மேல் கொட்டும். நாம் எல்லோரும் படம் எடுக்கும் காட்சி அதுதான். தோட்டக்காரருக்கு அது தலைவலி. இலை அப்படியே கிடந்து நனைந்து ஒட்டினால் அடியில் உள்ள பாசி வெளிச்சம் இல்லாமல் அழுகும். அதனால் பாசி பெயராதபடி மெதுவாக, தினமும் கூட்டணும். இது போதாதென்று பறவைகள் வேறு புழு தேடிப் பாசியைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போகும். காலையில் வந்து அந்தத் துண்டுகளை மறுபடி எடுத்து வைத்து அழுத்திவிட்டுப் போக வேண்டும்.

அசேலியாப் புதர்களை உருண்டை உருண்டையாக வெட்டிவிடுவதற்கும் காலக்கெடு உண்டு. பூ முடிந்த உடனே, ஜூன் வாக்கில் வெட்டிவிட வேண்டும். கோடையில் அடுத்த வருஷ மொட்டு உள்ளே உருவாகிவிடும். சோம்பேறித்தனமாக ரெண்டு மாதம் தள்ளி வெட்டினால் அடுத்த வருஷப் பூவையும் சேர்த்து வெட்டின கணக்கு.

குளிர்காலத்துக்கு முன்னால் கட்டுகிற வேலை. நிஜோ கோட்டையில் பனைபோல இருக்கும் சைகஸ் செடிகளுக்கு வைக்கோல் சட்டை போட்டுவிடுவார்கள். பல ஊர்களில் பைன் மரத்தின் இடுப்பில் வைக்கோல் பாய் சுற்றுவார்கள். குளிருக்குப் பூச்சிகள் அதற்குள் வந்து ஒதுங்கும், மார்ச் முதல் வாரம் அவிழ்த்து எரித்துவிடலாம் என்பது கணக்கு. ஹிமேஜி கோட்டையில் இதை உட்கார்ந்து ஆராய்ந்து பார்த்ததில், பாயில் ஒதுங்கியதில் கெட்ட பூச்சியைவிட, அதைத் தின்னும் சிலந்தி போன்ற நல்ல பூச்சிகளே அதிகமாம். நூற்றாண்டுக் கணக்காகக் கூட்டாளியைக் கொளுத்தியிருக்கிறார்கள் :-) சில இடங்களில் நிறுத்திவிட்டார்கள், சில இடங்களில் பார்க்க அழகாக இருக்கிறது என்று தொடர்கிறது.

இந்த வகையில் பெரிய வித்தை கனாஸாவா ஊரின் கென்ரோகுஎன் தோட்டத்தில். ஜப்பான் கடல் பக்கத்துப் பனி ஈரமும் கனமும் அதிகம், கிளையை முறித்துவிடும். அதனால் வருஷா வருஷம் நவம்பர் 1ஆம் தேதி மரங்களுக்குக் கயிறு கட்ட ஆரம்பிப்பார்கள். மரத்தை விட உயரமாகக் கம்பம் நட்டு, அதன் உச்சியிலிருந்து குடை விரித்த மாதிரி ஒவ்வொரு கிளைக்கும் ஒரு கயிறு. அங்கே குளத்தோரம் ஒரு பைன், பிவா ஏரிக்கரையின் கராசாகியிலிருந்து விதை கொண்டுவந்து வளர்த்தது. அந்த ஒரு மரத்துக்கு மட்டும் 5 கம்பம், சுமார் 800 கயிறு. மார்ச் நடுவில் எல்லாவற்றையும் அவிழ்ப்பார்கள்.

சரி, வருஷ வேலை போதும். இத்தனை வேலையையும் ஆரம்பத்தில் செய்தது யார்? நான் சொல்ல வந்த விஷயமே இதுதான்.

கியோட்டோ கோயில் பலகைகளில் ரெண்டு வகைப் பெயர்கள்தான் இருக்கும். ஒன்று துறவி, இன்னொன்று ஷோகன். சைஹோஜி பாசிக் கோயில் என்றால் முசோ சோசெகி, 1339. கின்ககுஜி என்றால் ஷோகன் அஷிகாகா யோஷிமாசா, 1482. நானும் அப்படியே காப்பி அடித்துத்தான் எழுதினேன். ஆனால் துறவி குத்தவைத்து மண் தோண்டியிருந்தாலும் அத்தனை பாறையையும் அவரே சுமந்திருக்க முடியாது. ஷோகனைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

15ஆம் நூற்றாண்டுக் கியோட்டோவில் பெருமளவு தோட்ட வேலை செய்தவர்களுக்கு ஒரு பெயர் இருந்தது: கவாராமோனோ. 'கவாரா' என்றால் ஆற்றங்கரைப் பொட்டல், 'மோனோ' என்றால் ஆள். ஆற்றங்கரை ஆட்கள். கியோட்டோவில் ஓடும் காமோ ஆற்றின் கரை வெள்ளம் வரும் இடம், விவசாயத்துக்கு ஆகாது, அதனால் வரியும் கிடையாது. வேறெங்கும் இடம் கிடைக்காதவர்கள் அங்கே குடியிருந்தார்கள். செத்த மாட்டைத் தோலுரிப்பது, தோல் பதனிடுவது, கிணறு தோண்டுவது, குற்றவாளிகளுக்கு மரண தண்டனை நிறைவேற்றுவது எல்லாம் இவர்கள் தலையில். சாவும் ரத்தமும் தொட்ட வேலை என்பதால் அவர்கள் மேல் 'கெகாரே' ஒட்டியிருப்பதாக ஊர் நம்பியது.

கெகாரேன்னா தீட்டு. நமக்கு இந்த வார்த்தையை விளக்கவே வேண்டாம், இல்லையா? நானும் புத்தகத்தில் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் மூடி வைத்துவிட்டேன்.

அப்படி ஒதுக்கப்பட்டவர்களை ஷோகனின் வீட்டுத் தோட்டத்துக்குள் ஏன் விட்டார்கள்? வரலாற்றாசிரியர்கள் ரெண்டு காரணம் சொல்கிறார்கள். ஒன்று சாதாரணமானது. ஆற்றங்கரையில் வாழ்ந்தவர்களுக்குக் கல் புரட்டவும், மண் அணைக்கவும், நீரைத் திருப்பவும் தெரியும். இரண்டாவது காரணம் விசித்திரமானது. அந்தக் காலத்தில் மண்ணைத் தோண்டுவது, பாறையைப் பெயர்ப்பது, பழைய மரத்தை நகர்த்துவது எல்லாமே ஆபத்தான காரியம். மண்ணுக்குள் இருக்கும் தெய்வம் கோபித்துக்கொள்ளும். 11ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட 'சாகுதேய்கி' என்கிற தோட்டக்கலை நூலைப் பார்த்தால் பாதி அழகியல், பாதி நம்ம ஊர் வாஸ்து. நின்ற கல்லைப் படுக்க வைத்தால் கெடுதல், படுத்த கல்லை நிறுத்தினால் கெடுதல் என்று தடை மேல் தடை. அப்படிப்பட்ட வேலையை, ஏற்கெனவே தீட்டானவர்கள் என்று முத்திரை குத்தியவர்களிடம் தள்ளிவிட்டால் வசதிதானே. சாபம் வந்தாலும் அவங்களுக்குத்தானே வரும்!

இவர்களில் தோட்ட வேலையில் தேர்ந்தவர்களை 'சென்ஸுய் கவாராமோனோ' என்று தனியாகக் குறிப்பிட ஆரம்பித்தார்கள். சென்ஸுய் என்றால் மலையும் நீரும், அதாவது தோட்டம். ஷோகன் யோஷிமாசா தோட்டம் போடும்போது இவர்கள்தான் ஊரில் உள்ள கோயில்களுக்கும் பிரபுக்கள் வீட்டுக்கும் போய் நல்ல பைன், நல்ல பாறை எங்கே இருக்கிறது என்று பார்த்து வருவார்கள். ஷோகன் உத்தரவு என்பதால் கொடுத்தே ஆக வேண்டும். வாசலில் நிற்கவே கூடாது என்று ஊர் சொன்ன ஆள் உள்ளே வந்து 'இந்த மரம் வேணும்' என்று கை காட்டுகிறான். துறவிகளின் முகம் எப்படிப் போயிருக்கும் என்று கற்பனை பண்ணிப் பார்த்தேன், கொஞ்சம் சந்தோஷமாத்தான் இருந்தது.

அதே காலத்தின் மறுபக்கமும் உண்டு. யோஷிமாசா பிறப்பதற்குச் சில வருஷம் முன்னால், அரண்மனைத் தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்த கவாராமோனோக்களை, தீட்டு என்று சொல்லி வெளியேற்றிவிட்டு வேறு ஆட்களை வைத்திருக்கிறார்கள்.

இவர்களில் பெயர் தெரிந்தவர் ஸென்அமி. யோஷிமாசாவுக்குப் பிடித்தமான தோட்டக்காரர். 'அமி' என்று முடியும் பெயர் அந்தக் காலத்தில் ஒரு பௌத்தப் பிரிவைச் சேர்ந்தவர்கள் வைத்துக்கொள்வது. அந்தப் பெயர் இருந்தால் பிறப்பைப் பெரிதாகக் கிளறாமல் ஷோகன் பக்கத்தில் நடமாடலாம். ஸென்அமி கல் அடுக்கும் விதத்தைப் பார்த்து வியந்து அந்தக் காலத் துறவிகள் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார்கள். அவர் உடம்பு சரியில்லாமல் படுத்தபோது ஷோகன் மருந்து அனுப்பினார் என்பதும் அந்தக் குறிப்புகளில் இருக்கிறது. 1467இல் ஓனின் போர் வந்து கியோட்டோ பத்து வருஷம் எரிந்தது. அந்தச் சமயத்தில் அவர் நாரா பக்கம் போய் வேலை செய்தார். அங்கே நாரா ஓட்டலை ஒட்டி இருக்கும் பழைய தைஜோஇன் தோட்டம் அவர் கைபட்டது. 1482இல் இறந்தபோது வயது 97. யோஷிமாசா கின்ககுஜியைக் கட்ட ஆரம்பித்ததும் அதே வருஷம்தான். அந்த வேலை ஸென்அமியின் குடும்பத்துக்குப் போனது. அதில் பேரன் மதாஷிரோ முக்கியமானவர்.

இந்த மதாஷிரோதான் என்னைப் பழைய பதிவுக்காக வெட்கப்பட வைத்தவர். 1489இல் ஷோகோகுஜி கோயில் துறவி கெய்ஜோ ஷூரின் அவரோடு பேசியிருக்கிறார். பேசியதைத் தன் நாட்குறிப்பில் எழுதியும் வைத்தார். மதாஷிரோ சொன்னதன் சாரம் இது: விலங்கு அறுக்கும் குடியில் பிறந்துவிட்டதை நினைத்து மனசார வருந்துகிறேன், அதனால் எந்த உயிரையும் கொல்வதில்லை என்று சபதம் எடுத்திருக்கிறேன், பொருள் மேல் ஆசை வைப்பதில்லை என்றும். துறவி அதைக் கேட்டு மதாஷிரோவை மெச்சி எழுதியிருக்கிறார்.

எத்தனை தடவை படித்தும் எனக்கு இது ஜீரணமாகவில்லை. ஷோகனின் தோட்டத்தை உருவாக்குகிற ஆள், தாத்தா காலத்திலிருந்து பெயர் எடுத்த குடும்பம். அவர் தன் பிறப்பை ஒரு குற்றம் மாதிரிச் சுமந்து, அதற்குப் பரிகாரமாகப் பத்தியம் இருக்கிறார். துறவி அவரை மெச்சுகிறார், நல்லது. ஆனா "நீ வருத்தப்பட இதுல என்னய்யா இருக்கு?"ன்னு திருப்பிக் கேட்டதா மட்டும் எங்கேயும் காணோம். ஐநூறு வருஷத்துக்கு முந்தின ஆளிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லைதான். இருந்தாலும் எதிர்பார்க்கிறேன்.

அப்புறம் நடந்ததைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். எதோ காலத்தில், அதாவது 17ஆம் நூற்றாண்டிலிருந்து, தோட்டக்கலை பணமும் மரியாதையும் உள்ள தொழிலாக ஆனது. ஆனதும் அது பெரும்பாலும் ஊருக்குள் இருந்த மரவியாபாரிகள், தோட்டக்காரர்கள் கைக்கு மாறியது. ஒதுக்கப்பட்டவர்களை இன்னும் இறுக்கமான சட்டத்துக்குள் தள்ளி, பிறப்பால் மாற்றவே முடியாத பிரிவாக்கினார்கள். (அதனால் இன்றைக்கு ஏணி மேல் நிற்கும் தோட்டக்காரரைப் பார்த்து 'ஓ, இவர் அந்த வம்சமோ' என்று முடிச்சுப் போடாதீர்கள். அது தப்பு மட்டுமில்லை, ஜப்பானில் இன்னும் ஆட்களைக் காயப்படுத்துகிற விஷயம்.) 1871இல் மெய்ஜி அரசு அந்தப் பிரிவைச் சட்டப்படி ஒழித்தது. காகிதத்தில் ஒழிந்தது, ஊரில் ஒழியவில்லை. 1922 மார்ச் 3ஆம் தேதி, ஒதுக்கப்பட்டவர்கள் தாங்களே கூடி 'சுய்ஹேய்ஷா' என்ற சமத்துவ இயக்கத்தை ஆரம்பித்தார்கள். கூடிய இடம் கியோட்டோவின் ஒகாசாகி பொது மண்டபம். அதே ஒகாசாகியில்தான் ஹெய்ஆன் கோயிலும், ஒகாவா ஜிஹேய் அமைத்த அதன் புகழ்பெற்ற தோட்டமும் இருக்கின்றன. அந்தத் தோட்டத்தில் நான் ரெண்டு மணி நேரம் சுற்றினேன், ஐஸ்கிரீம்கூடச் சாப்பிட்டேன். பக்கத்தில் இப்படி ஒன்று நடந்தது என்று யாரும் சொல்லவில்லை, நானும் தேடவில்லை.

மதாஷிரோ வேலை செய்த கின்ககுஜிக்குப் போனால் இன்றைக்கு அவர் கைபட்டது எவ்வளவு மிச்சம் என்று சொல்வது கஷ்டம். 1615இல் தோட்டத்தைப் பெரிய அளவில் மாற்றிச் சீரமைத்தார்கள். எல்லோரும் படம் எடுக்கும் அந்த மணல் கூம்பு, யோஷிமாசா காலத்தில் இல்லாத பிற்காலச் சேர்க்கை. அந்த மணலையே மழை கரைக்கக் கரைக்க திரும்பத் திரும்பக் குவித்துத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். சைஹோஜி கதை இன்னும் வேடிக்கை. முசோ சோசெகி போட்டது பாசித் தோட்டமே இல்லை. போரில் எரிந்து, வெள்ளத்தில் முங்கி, பராமரிக்கக் காசில்லாமல் கிடந்த காலத்தில் பாசி தானாக வந்து மூடியது. இப்போது 120 வகை. தானாக வந்ததை அப்படியே காப்பாற்றத்தான் இப்போது தினமும் விளக்குமாறு. கூட்டம் அதிகமாகிப் பாசி தாங்காமல் 1977இல் பொதுமக்கள் வரவை நிறுத்தி, முன்பதிவு உள்ளவர்களுக்கு மட்டும் என்று ஆக்கிவிட்டார்கள்.

கடைசியாக ரியோஆன்ஜி. 15 கல், வெள்ளைச் சரளை, பின்னால் மண் சுவர். திண்ணையில் எங்கே உட்கார்ந்தாலும் ஏதாவது ஒரு கல் மறைந்துவிடும், பதினைந்தும் ஒன்றாகத் தெரியாது. போன பதிவில் இதை வைத்து ரெண்டு பத்தி தத்துவம் பேசியிருந்தேன். இந்தத் தோட்டத்தை யார் போட்டார்கள், எப்போது போட்டார்கள் என்பதில் இன்றுவரை சண்டை ஓயவில்லை. ஓவியர், தேநீர் ஆசான், துறவி என்று ஆளாளுக்கு ஒரு பெயர் சொல்கிறார்கள்.

ஆனால் சுவரோரமாக இருக்கும் ஒரு கல்லின் முதுகில் உளியால் செதுக்கிய ரெண்டு பெயர்கள் இருக்கின்றன. ஒன்று கோதாரோ. இன்னொன்றின் முதல் எழுத்து தேய்ந்துவிட்டது. செய்ஜிரோ என்று சிலர் படிக்கிறார்கள், ஹிகோஜிரோ என்று சிலர். இருவரும் கவாராமோனோவாகத்தான் இருக்க வேண்டும் என்பது பல ஆராய்ச்சியாளர்களின் கருத்து. வடிவமைத்ததே அவர்களா, இல்லை கல்லைத் தூக்கி வைத்தவர்கள் மட்டுமா, தெரியாது. செதுக்கிவிட்டு, பெயர் சுவர்ப்பக்கம் போகிற மாதிரி வைத்திருக்கிறார்கள்.

நான் அந்தத் திண்ணையில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். திண்ணையிலிருந்து அந்தப் பக்கம் தெரியாது. சரளையை வாரிக் கோடு போட இறங்குகிறவர்களுக்குத் தெரியும்.

போன பதிவின் முதல் படத்தை மாற்றலாம் என்று தேடினேன். பெரியவர் இருக்கிற மாதிரி ஒன்றுகூட எடுக்கவில்லை. ஒரே ஒரு படத்தில் ஓரமாக ஏணியின் ஒரு காலும், கீழே விரித்த விரிப்பில் கொஞ்சம் பழுத்த ஊசியிலையும் விழுந்திருக்கு. அதைத்தான் போட்டிருக்கேன்.